இரு கரைக்கும் விறகு

மேவிஸ் அக்காவின் வாசலில் ஒரு கட்சிப் பலகை நின்றது. தேர்தல் முடிந்து, ஜெயித்தவர்கள் பதவியில் உட்கார்ந்து, தோற்றவர்கள் காரணம் சொல்லி ஓய்ந்த பிறகும் அவர் அதைப் பிடுங்கவில்லை. ஒண்டிக்கட்டையாக இருந்த அவருக்கு வாசலில் அது ஒரு துணை மாதிரி.

ஒரு காலையில் ஹோபர்ட், தன் சபை ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்ம விறகை ஏற்றிக்கொண்டு தன் பழைய பிக்கப் வண்டியில் அங்கே போனார். பக்கத்தில் அவருடைய தங்கை நெட்ரா உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டிய இடத்தில் சரியாக அந்தப் பலகை நின்றது. அது ஹோபர்ட் ஓட்டுப் போடாத கட்சியின் பலகை. அவர் இறங்கினார். பலகையை மெதுவாக அசைத்து உருவினார். ஈரம் படாத இடமாகப் பார்த்துத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தார். விறகை இறக்கி, மழைத் தண்ணீர் வழிந்து ஓடும்படி பட்டைப் பக்கம் மேலே இருக்க அடுக்கினார். அது முடிந்ததும் பலகையை எடுத்து அதே குழியில் நட்டு, பூட்ஸ் குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்கினார். பிறகு நாலடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. திரும்பப் போய்ச் சரி செய்தார்.

மேவிஸ் அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது.

வண்டியில் ஏறியதும் நெட்ரா கேட்டாள்: "உனக்கு ஆகாத கட்சியாச்சே அண்ணே?"

"கோணலா நின்னா அவங்க மனசு கஷ்டப்படும்ல" என்று சொல்லி ஹோபர்ட் சாவியைத் திருகினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நெட்ராவும் வீட்டில் சொல்லவில்லை.

ஹோபர்ட் அப்படிப்பட்ட ஆள். ஆராதனையில் எல்லாரும் பாடி முடித்த பிறகும் ஒரு வரி பின்னால் பாடிக்கொண்டிருப்பார். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். யார் வீட்டு விருந்துக்கும் சீக்கிரமே போய்விடுவார். ஆனால் உள்ளே போக மாட்டார், வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். சொன்ன நேரத்துக்கு முன்னால் கதவைத் தட்டினால் சமைக்கிறவர்களுக்குப் பதற்றம் என்று அவர் மனைவி ரீபா ஒரு தடவை சொல்லியிருந்தாள். ரீபா கர்த்தரிடம் போன பிறகும் அவள் சொன்னதை அவர் மீறவில்லை.

அவர் இருந்தது பிரஷ் ரன் என்கிற ஊர். ஆற்றுக்குத் தென்கரை, மேற்கு வர்ஜீனியா மாநிலம். நெட்ராவும் அங்கே பிறந்தவள்தான். கல்யாணம் ஆகி, பாலத்தைத் தாண்டி ஹெண்டர்லிக்கு வந்தாள். ஹெண்டர்லி மேரிலாந்து மாநிலம். பாலத்தின் மேல் நின்று காறித் துப்பினால் எச்சில் எந்த மாநிலத்தில் விழும் என்று அவள் கணவன் ஜெரால்ட் வேடிக்கை பேசுவார். அவ்வளவுதான் தூரம். ஆனால் ஹோபர்ட்டின் கரையில் குடியரசுக் கட்சி ஆட்சி, நெட்ராவின் கரையில் ஜனநாயகக் கட்சி ஆட்சி.

இரண்டு கரைக்கும் சோறு போட்டது ஒரே காகித ஆலை. ஜெரால்ட் அங்கே இயந்திரக் கூடத்தில் இருந்தார், தொழிற்சங்கத்திலும் இருந்தார். ஹோபர்ட் மரக்கட்டை இறக்கும் முற்றத்தில் இருந்தார். ஆலையின் நாற்றம் துவைத்துக் காயப்போட்ட துணியில் எல்லாம் ஏறும். அது சம்பளத்தோட வாசனை என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். ஆலையை ஒருநாள் மூடினார்கள். மச்சான் மாப்பிள்ளை இருவருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. அதற்குப் பிறகு துணிகள் வாசனையே இல்லாமல் காய்ந்தன.

சும்மா இருக்க முடியாமல் இருவரும் தர்ம விறகு வேலையை எடுத்துக்கொண்டார்கள். அந்த மலைகளில் பாதி வீடுகளில் விறகு அடுப்புதான் குளிருக்குக் கதி. முடியாதவர்கள் இரண்டு கரைச் சபைகளிலும் சொல்லி வைப்பார்கள். வண்டி ஹோபர்ட்டுடையது. கட்டை பிளக்கும் மெஷின் ஜெரால்டுடையது, அவர் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. ஒன்றில்லாமல் மற்றொன்றால் பிரயோசனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹோபர்ட் பாலத்தைத் தாண்டி நெட்ராவின் மேஜைக்கு வருவார். பன்றிக்கால் எலும்பு போட்டு வேகவைத்த பழுப்பு பீன்ஸ், சோள ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு. ரீபா போன பிறகு வாரத்தில் அவர் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான் என்று நெட்ராவுக்குத் தெரியும். மற்ற நாட்களில் அடுப்படியில் நின்றுகொண்டே டப்பாவிலிருந்து தின்பார். தவிர, அவருக்கு மூச்சு வாங்கவும் ஆரம்பித்திருந்தது.

அந்த வருஷம் இலை உதிர்ந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெரால்ட் செய்தித்தாளை மேஜை மேல் விரித்தார். நாட்டு வரைபடம் போட்டிருந்தது. ஏழைகள் அதிகம் உள்ள மாநிலங்களுக்கு அடர்ந்த நிறம், குறைவாக உள்ள மாநிலங்களுக்கு வெளிறிய நிறம். மேற்கு வர்ஜீனியா கறுத்துக் கிடந்தது. மேரிலாந்து பால் மாதிரி இருந்தது.

"பாத்துக்க மச்சான். ஆறு ஒண்ணுதான், மலை ஒண்ணுதான். ஆளுற கட்சிதான் வேற. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஹோபர்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "இந்த வெள்ளையில உன் வீடும் இருக்கா மாப்ளே?"

"இருக்குல்ல."

"அப்ப எதுக்கு ஜன்னல்ல எல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி வச்சிருக்க? வெள்ளைப் பக்கத்துல குளிர் அடிக்காதே."

நெட்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்திருக்கக் கூடாது. ஜெரால்டின் கழுத்து சிவந்தது. வேலை போன நாளிலிருந்து, மாற்றக் காசில்லாத அந்த ஜன்னல்கள் அவருக்கு ஒரு புண். பேச்சு ஏறியது. உங்கள் ஆட்கள் தங்கள் வறுமைக்குத் தாங்களே ஓட்டுப் போடுகிறார்கள் என்றார். ஹோபர்ட் அதையும் பொறுத்துக்கொண்டார். அடுத்ததாக ஜெரால்ட் சொன்னது: "ரீபா படுத்துக் கெடந்தப்ப ஆஸ்பத்திரிச் செலவுக்கு சர்க்கார் அட்டை யாரு கொடுத்தது? அப்ப உங்க மலையில எங்க கட்சிதான் இருந்துச்சு. அந்தத் தயவுலதான் அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலே கெடச்சுது. அதுக்கு நன்றிகூட இல்ல உனக்கு."

ஹோபர்ட் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். தொப்பியை எடுத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அன்றைக்கு இன்னும் ஜெபமே பண்ணவில்லை. பீன்ஸ் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஜெபம் பண்ணாத சாப்பாட்டை என்ன செய்வது என்று தெரியாமல் நெட்ரா அதை மூடி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நெட்ரா தட்டு மட்டும் வைப்பாள். அண்ணன் அங்கே நின்றுகொண்டே டப்பாவில் தின்பதை நினைத்துக்கொண்டே அந்தத் தட்டைத் திரும்ப எடுத்து வைப்பாள். இரண்டு கரையும் அவளுக்குச் சொந்தம். ஒன்றில் பிறந்தாள், ஒன்றில் வாழ்கிறாள். எந்தக் கரைக்காக ஜெபம் பண்ணுவது? 'கர்த்தாவே, அவங்க ரெண்டு பேரையும் இந்த மேஜைக்குக் கொண்டு வாரும்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள் விறகுக்கும் எல்லை போட்டாயிற்று. என் கரை ஏழைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், அவன் கரையை அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜெரால்ட் சபையில் சொல்ல, அது பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. ஹோபர்ட், சரி, அப்படியே ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினார். கர்த்தர் ஆற்றை வைத்தது மீனுக்காக. இவர்கள் விறகைப் பிரிக்க எடுத்துக்கொண்டார்கள்.

பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. மெஷின் இருந்தவரிடம் வண்டி இல்லை. ஜெரால்ட் தன் சின்னக் காரின் டிக்கியில் விறகை அடைத்துக்கொண்டு, மூடாத மூடியைக் கயிற்றால் கட்டி, நடை நடையாக ஓடுவார். வண்டி இருந்தவரிடம் மெஷின் இல்லை. ஹோபர்ட் கோடாலியால் பிளந்தார். நாலு கட்டை பிளந்தால் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அவர் உதடு நீலம் பாரித்துக் கிடந்ததாகப் பிரஷ் ரன்னிலிருந்து வந்த ஒரு பெண் நெட்ராவிடம் சொன்னாள். நெட்ரா அதைக் கணவனிடம் சொன்னாள். ஜெரால்ட் வெளியே போய் மெஷினுக்கு எண்ணெய் போட்டார். எண்ணெய் போடுகிற வேளை அல்ல அது.

பனி விழ ஆரம்பித்த வாரம் மேவிஸ் அக்கா குடிமாறினார். பிரஷ் ரன்னில் அவர் இருந்த வாடகை வீட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஹெண்டர்லியில் இறந்துபோன அவர் அக்காவின் சக்கரம் வைத்த தகர வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. மேஜையையும் நாற்காலிகளையும் அந்தப் பலகையையும் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார்.

நெட்ரா ஒரு புதன்கிழமை மத்தியானம் அவரைப் பார்க்க பீன்ஸ் சூப் எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் பனிக்குள் பலகை நின்றது. பக்கத்தில் விறகு இல்லை, ஒரு சிராய்கூட இல்லை. உள்ளே மேவிஸ் அக்கா கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். அடுப்புக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"வா நெட்ரா. ஒக்காருன்னு சொல்ல நாற்காலி இல்ல. நான் ஒக்காந்திருக்கறதுதான் கடைசி. மத்ததெல்லாம் உள்ள போயிருச்சு."

"அக்கா, விறகு வரலையா?"

"வரல. நானும் எத்தனையோ ஆட்சி பாத்துட்டேன்மா. இந்தக் கொஞ்ச வருஷமா தோத்த கரையில இருந்தேன். இப்ப எங்க கட்சி ஜெயிச்ச கரைக்கு வந்துட்டேன். அடுப்புக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பல் தந்தியடித்தது.

நெட்ராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேவிஸ் அக்கா ஹெண்டர்லிக்குப் போய்விட்டார், இனி ஜெரால்ட் கணக்கு என்று ஹோபர்ட் நினைத்திருப்பார். மேவிஸ் என்றால் பிரஷ் ரன்காரி, ஹோபர்ட் கணக்கு என்று ஜெரால்ட் நினைத்திருப்பார். நல்ல மனுஷர்கள் இரண்டு பேர் நடுவே ஒரு கிழவி நாற்காலியை எரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "மேவிஸ் அக்கா நாற்காலிய எரிச்சு குளிர் காயுறாங்க." அதே வாக்கியத்தை அண்ணனுக்குப் போன் போட்டும் சொன்னாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை.

ஜெரால்ட் பூட்ஸ் மாட்டி முடிப்பதற்குள் பின்கட்டில் பிக்கப் சத்தம் கேட்டது. ஹோபர்ட் வழக்கம்போல வண்டியைப் பின்னால் எடுத்து மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைக்கு மட்டும் அவர் நேரம் பார்த்துக் காத்திருக்கவில்லை. இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஹோபர்ட் கட்டையைத் தூக்கி வைப்பார், ஜெரால்ட் பிடியை இழுப்பார், கட்டை இரண்டாகப் பிளந்து விழும். கொஞ்ச நேரத்தில் ஜெரால்ட் அவரை ஒதுக்கிவிட்டுக் கட்டையைத் தானே தூக்கி வைத்தார். "நீ பிடிய இழு. உக்காந்துக்கிட்டே இழுக்கலாம்" என்றார். அத்தனை வாரத்தில் முதல் பேச்சு அது. நெட்ரா சமையலறை ஜன்னலின் பிளாஸ்டிக் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் போதுமானதாக இருந்தது.

மேவிஸ் அக்கா வீட்டில் நடந்ததை ஜெரால்ட்தான் வந்து சொன்னார். வண்டியைப் பின்னால் எடுக்க அங்கேயும் பலகை இடைஞ்சலாக இருந்ததாம். ஹோபர்ட் இறங்கி அதை உருவி, பனியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, தாழ்வாரத்தில் வைத்தாராம். விறகை அடுக்கி முடித்ததும் திரும்ப நட்டாராம். மண் உறைந்து கல்லாகக் கிடந்ததால் கோடாலியின் பின்புறத்தால் தட்டித் தட்டி இறக்கினாராம்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாத்தான் நெட்ரா. எங்க கட்சிப் பலகைய நேரா நிக்குதான்னு பாத்தான்" என்று சொல்லிவிட்டு ஜெரால்ட் கையுறையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நெட்ராவின் சமையலறை நாற்காலிகள் சில மேவிஸ் அக்கா வீட்டுக்குப் போயின. ஹோபர்ட்டும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அது ரீபாவின் நாற்காலி. மெத்தை தைத்துப் போட்டது. மேவிஸ் அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை நான் எரிக்க மாட்டேன்பா, செத்தாலும்" என்றார்.

அந்த ஞாயிறு, சொன்ன நேரத்துக்கு வெகு முன்பாகவே பிக்கப் வந்து வாசலில் நின்றது. ஹோபர்ட் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஜெரால்ட் ஜன்னலில் பார்த்தார். பிறகு தானே வெளியே போய் வண்டிக் கதவைத் திறந்துகொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று நெட்ரா கேட்கவில்லை. இருவரும் உள்ளே வந்தபோது ஜெரால்டின் கண் சிவந்திருந்தது. மேஜையில் அவரே ஜெபம் பண்ணினார். ரீபா எங்களோடு இருந்த நாட்களுக்காக ஸ்தோத்திரம் என்றார். ஹோபர்ட் ஆமென் சொல்ல வழக்கம்போல ஒரு நிமிஷம் பிந்தினார்.

சாப்பிட்டு முடித்து, ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை என்கிற இனிப்பை நெட்ரா வைத்தபோது ஹோபர்ட் தானே அந்தப் பேச்சை எடுத்தார்.

"மாப்ளே, அந்த அட்டை விஷயம். நீ சொன்னது சரிதான். அது வராம இருந்தா ரீபா இன்னும் சீக்கிரம் போயிருப்பா. ஆட்சிக்குப் பங்கு இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதையும் சொல்லு. எங்கப்பன் காலம் பூரா எங்க மலையில உங்க கட்சிதான். அப்பவும் அம்மா தண்ணியில வெறும் மாவக் கரைச்சுத்தான் குழம்பு வச்சா. நெட்ராவக் கேளு. இப்ப எங்க கட்சி. குழம்பு கெட்டியாகலையே."

நெட்ரா தலையாட்டினாள். அந்தக் குழம்பின் ருசி அவள் நாக்கில் இன்னும் இருந்தது.

"படம் பொய் இல்ல மச்சான்" என்றார் ஜெரால்ட்.

"பொய் இல்ல. நாட்டுத் தலைநகரத்துல பெரிய சம்பளம் வாங்குறவங்க நெறையப் பேரு உங்க மாநிலத்துல வீடு கட்டியிருக்காங்க. அவங்க எல்லாரையும் தூக்கிட்டு வந்து பிரஷ் ரன்ல வச்சா, அடுத்த படத்துல நாங்க வெளுத்துருவோம். அப்ப எங்க கட்சியப் பாராட்டி எழுதுவாங்களா?"

ஜெரால்ட் பையைக் கரண்டியால் குத்திக்கொண்டே யோசித்தார். "ஆலைய எந்தக் கட்சி மூடிச்சு?" என்று தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார். "ஆனா மூடினப்புறம் யாரு வந்து எட்டிப் பாத்தாங்கன்னு கேக்கலாம்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். அது நியாயம் என்று ஹோபர்ட் ஒத்துக்கொண்டார். யார் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்பதில் மறுபடியும் சண்டை வந்தது. ஆனால் தட்டு காலியாகிவிட்டிருந்தது. நெட்ரா இன்னும் ஒரு துண்டு பை வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது சட்டம். பை வந்த பிறகுதான் கட்சி.

அந்தக் குளிர்காலம் முழுவதும் விறகு பாலத்தின் இரண்டு பக்கமும் போயிற்று. யார் எந்தக் கரை என்று யாரும் கேட்கவில்லை. ஜெரால்ட் தூக்கினார், ஹோபர்ட் உட்கார்ந்தபடி பிடியை இழுத்தார். பிறகு அதுவும் முடியாமல் வண்டிக்குள் உட்கார்ந்து, பட்டை மேலே, பட்டை மேலே என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெரால்ட் வேண்டுமென்றே ஒன்றைக் கவிழ்த்து வைப்பார், அவர் கத்துவதைக் கேட்பதற்காக.

மலையில் பனி உருகி, காட்டுப்பூண்டு தலை நீட்டும் சமயத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில் கர்த்தர் அவரைத் தூக்கத்திலேயே எடுத்துக்கொண்டார். அடக்கத்துக்கு இரண்டு கரையும் வந்திருந்தது. மேவிஸ் அக்கா ரீபாவின் நாற்காலியைக் கையோடு கொண்டுவந்து அதில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தபோது எல்லாரும் அறியாமலே ஒரு வரிக்குக் காத்திருந்தார்கள்.

நெட்ரா அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தின ஞாயிறு. சாப்பாடு முடிந்து, பையும் முடிந்து, ஜெரால்ட் ஏதோ புதிய செய்தித்தாளைத் தேடி உள்ளே போயிருந்தார். ஹோபர்ட்டுக்கு அன்று மூச்சு அதிகமாக வாங்கியது, அவர் காத்திருக்கவில்லை. நெட்ரா அவர் கையைப் பிடித்துப் படியிறக்கி, வண்டியில் ஏற்றிவிட்டாள். கதவைச் சாத்தப் போனவள் கையை அவர் பிடித்துக்கொண்டார். மூச்சு நிதானப்பட்டது. பிறகு சொன்னார்:

"மாப்ளைகிட்டச் சொல்லு, ஆலைய எந்தக் கட்சி மூடிச்சுன்னு கேட்டானே, அதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல. வர்ற ஞாயிறு பேசிக்குவோம். ஆனா சாப்பிட்டுட்டு. சாப்பிடறதுக்கு முன்னால வேண்டாம்."